நோய் ஆதரவு சிகிச்சை: குழு நடத்த எழுதிவைக்க வேண்டியவை
வாசகர் கேள்விகள், டாக்டர் பதில்கள்

படுக்கையில் இருக்கும் நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பேலியேட்டிவ் கேர், அதாவது நோய் ஆதரவு சிகிச்சை பற்றி கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து நிறையக் கடிதங்கள். முக்கால்வாசிக் கடிதங்கள், ‘குழு ஆரம்பித்துவிட்டோம், விதிகளை எப்படி எழுதுவது?’ என்பதைச் சுற்றியே இருப்பதால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: வணக்கம் டாக்டர். நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நண்பர்கள் சேர்ந்து டிரஸ்ட் பதிவு செய்து, புற்றுநோயாளிகளையும் பக்கவாதத்தில் படுத்தவர்களையும் வீட்டில் போய்ப் பார்க்கிறோம். சம்பளத்துக்கு ஒரு நர்ஸ், வாரம் ஒரு நாள் வரும் டாக்டர், நன்கொடையாக வந்த ஒரு ஆம்னி வேன், இவ்வளவுதான் நாங்கள். உதவி செய்ய முன்வந்த கம்பெனி ஒன்று, கொள்கையையும் நடைமுறைகளையும் எழுத்தில் கேட்கிறது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தடிமனான மேனுவல் கைக்குக் கிடைத்திருக்கிறது. பெயரை மாற்றிக் கொடுத்துவிடலாமா?
(ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

வேண்டாம் சார். கம்பெனிக்காரருக்கு அது போதும், உங்கள் நர்ஸுக்கு உதவாது. அந்த மேனுவல், கூப்பிட்டால் பக்கத்து அறையிலிருந்து ட்யூட்டி டாக்டர் ஓடிவரும் இடத்துக்காக எழுதப்பட்டது. உங்கள் சிஸ்டர் நிற்கப்போவது காராமணிக்குப்பத்தில் யாரோ ஒருவர் வீட்டில், சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில், நோயாளி வலியில் துடித்துக்கொண்டிருக்க, சுற்றி நிற்கும் எட்டுப் பேரும் ‘ஏதாவது பண்ணுங்கம்மா’ என்று அவர் முகத்தையே பார்க்க, டாக்டரோ போனை எடுக்காத நிலையில். அப்போது அவர் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது, அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும் என்பதற்கு அவர் பையிலேயே பதில் இருக்க வேண்டும். அதைத்தான் எழுத வேண்டும், அதுவும் தமிழில். டிரைவர் படித்தாலும் புரிய வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், நர்ஸ், டாக்டர், டிரைவர் மூவரையும் உட்காரவைத்து ‘சமீபத்தில் எந்தெந்த வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றீர்கள்?’ என்று கேளுங்கள். வரும் பதில்களே உங்கள் பொருளடக்கம். டிரைவரை விட்டுவிடாதீர்கள், வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் மனம்விட்டுப் பேசுவது பெரும்பாலும் அவரிடம்தான்.

முதல் விதி, யாரை எடுத்துக்கொள்வீர்கள் என்பது. நிறையக் குழுக்கள் ‘ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பப்பட்டவர்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. 2014-ல் உலக சுகாதார மாநாட்டின் தீர்மானமே, வலியையும் துன்பத்தையும் குறைக்கும் இந்தச் சிகிச்சை நோயின் ஆரம்பத்திலிருந்தே மற்ற சிகிச்சையோடு சேர்ந்து கிடைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கும் வாந்தி, வலி, பயம் எல்லாம் உண்டே. புற்றுநோய் மட்டுமா, சிறுநீரகம் செயலிழந்தவர், நுரையீரல் நோயால் மூச்சு வாங்குகிறவர், மறதி நோய் முற்றியவர், தண்டுவடம் அடிபட்ட இளைஞர், இவர்களில் யாரையெல்லாம் உங்களால் பார்க்க முடியும் என்று இன்றைய ஆள்பலத்தை வைத்து நேர்மையாக எழுதுங்கள். குழந்தைகளைப் பார்க்கத் தெரிந்த டாக்டர் உங்களிடம் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். எல்லையும் வேண்டும். வேன் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் இடங்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லைக்கு வெளியே இருப்பவர் கேட்டால்? ‘முடியாது’ என்று போனை வைப்பது விதியாக இருக்கக்கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய் ஆதரவு சேவையும் இயன்முறை சிகிச்சையும் இருக்கின்றன. அந்த வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி, நர்ஸின் எண்ணை வாங்கிக் கொடுத்து, இரண்டு நாள் கழித்து ‘வந்தாங்களா?’ என்று கேட்பது வரை உங்கள் வேலை என்று எழுதிவிடுங்கள். உங்கள் எல்லைக்குள் இருப்பவர்களுக்கும் அந்த நர்ஸோடு பேசிவைத்துக்கொண்டால் ஒரே வீட்டுக்கு இருவர் போவதும், இன்னொரு வீட்டுக்கு யாருமே போகாததும் நிற்கும்.

இரண்டாவது, டாக்டர் இல்லாத ஆறு நாட்கள். டாக்டர் ஒவ்வொரு நோயாளிக்கும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு ஒரு தாள் வைக்க வேண்டும்: வலி ஏறினால் எந்த மருந்து எவ்வளவு, வாந்தி நிற்காவிட்டால் என்ன, வலிப்பு வந்தால், மூச்சுத் திணறினால், புண்ணிலிருந்து ரத்தம் கொட்டினால் என்ன என்று. ரத்தம் கொட்டக்கூடிய கழுத்துப் புண், வாய்ப் புண் இருக்கும் வீட்டில் கருநிறத் துணி ஒன்றை எடுத்துவைக்கச் சொல்லுங்கள், வெள்ளைத் துணியில் கொஞ்சம் ரத்தம் பட்டாலே வீடு முழுக்க அலறிவிடும். டாக்டர் எடுக்காவிட்டால் கூப்பிட வேண்டிய இரண்டாவது டாக்டரின் எண்ணும் அதே தாளில் இருக்க வேண்டும். டிரெஸ்ஸிங், கதீட்டர் என்ற சிறுநீர்க் குழாயை மாற்றுவது, மூக்குக் குழாய், எனிமா இதெல்லாம் நர்ஸ் தானாகச் செய்யலாம், புது மருந்து தொடங்குவதோ அளவைக் கூட்டுவதோ தாளில் இல்லாமல் கூடாது. ராத்திரி போன் எடுக்க ஆள் இல்லையென்றால் ‘24 மணி நேர சேவை’ என்று நோட்டீஸில் போடாதீர்கள். எட்டு மணி வரைதான் என்றால் எட்டு மணி வரை என்றே சொல்லிவிட்டு, அதற்குமேல் என்ன செய்வது என்பதை முதல் நாளே வீட்டாருக்கு எழுதிக் கொடுங்கள்.

ஒவ்வொரு தடவை போகும்போதும் வலி எவ்வளவு என்று கேட்டு, பத்துக்கு இத்தனை என்று எழுத வேண்டும். எண்பது வயதுக்காரரிடம் ‘ரூபாய்க்கு எத்தனை அணா வலிக்குது தாத்தா?’ என்றால் இன்னும் சட்டென்று புரிந்துகொள்வார். பேச முடியாதவரென்றால் முகச் சுளிப்பு, முனகல், புரட்டும்போது கையைத் தட்டிவிடுவது என்று பார்த்ததை எழுதலாம். வலியை எழுதாத குழு வலியைப் பார்க்காத குழு என்பேன், இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

பணம். நோயாளி வீட்டில் யாரும் ஒரு ரூபாய் வாங்கக்கூடாது, பெட்ரோலுக்கு என்றாலும் சரி, பிரியமாகக் கொடுத்தாலும் சரி. கொடுக்க நினைப்பவர்கள் அலுவலகத்துக்கு வந்து ரசீதோடு கொடுக்கட்டும். இறந்த வீட்டில் நன்கொடை பற்றிப் பேச்சே எடுக்கக்கூடாது. வாட்டர் பெட், வீல் சேர் கடனாகக் கொடுக்க ஒரு ரிஜிஸ்டர் போதும், டெபாசிட் கேட்காதீர்கள். நாலைந்து திரும்பி வராமல் போகலாம், போகட்டும்.

குப்பைக்கும் விதி உண்டு. 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தமும் சீழும் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், கதீட்டர், டியூப் போன்ற பிளாஸ்டிக் சிவப்புப் பையில், ஊசிகள் குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பாவில். ஊசியைக் கட்டாயம் வேனிலேயே திருப்பி எடுத்துவந்துவிட வேண்டும். கொல்லைப்பக்கம் போட்டு எரிக்கச் சொல்லக்கூடாது.

ஒவ்வொரு பக்கத்திலும் எழுதிய தேதியையும் அடுத்து எப்போது திருத்துவோம் என்பதையும் போடுங்கள். மற்றபடி அட்டை, லோகோ எல்லாம் உங்கள் விருப்பம்.

கேள்வி: எங்கள் குழுவில் கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வைத்துக்கொள்ள ஆசை, ஆனால் ‘போதைப்பொருள் கேஸ் ஆகிவிடும்’ என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த மார்ஃபினை நோயாளியின் மகன் எல்லையிலிருக்கும் முள்ளோடை தாண்டிக் கொண்டுவரவே பயப்படுகிறார். என்ன விதி எழுதுவது?
(ஒரு செவிலியர், பண்ருட்டி)

பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபோது, ஒரு பாட்டில் மார்ஃபின் வாங்கவே பல துறைகளில் பல லைசென்ஸ் தேவைப்பட, ஆஸ்பத்திரிகள் ‘எதற்கு வம்பு’ என்று வாங்குவதையே நிறுத்திவிட்டன. ஒரு தலைமுறை டாக்டர்கள் அதைக் கையில் தொடாமலே படித்து வெளியே வந்தார்கள், புற்றுநோயாளிகள் அலறிக்கொண்டே செத்தார்கள். இதை மாற்றக் கேரளத்து டாக்டர்களும் தன்னார்வலர்களும் வருடக்கணக்காகப் போராடினார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டானில், மெத்தடோன், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் இப்போது அத்தியாவசியப் போதை மருந்துகள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்ற ஒரே அங்கீகாரத்தை வாங்கினால் போதும். அதற்கு, வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற டாக்டர் உங்களிடம் இருக்க வேண்டும், மருந்துக்கு அவர் பொறுப்பேற்க வேண்டும், வரவு செலவுக் கணக்கு வேண்டும். உங்கள் டாக்டருக்கு அந்தப் பயிற்சி இல்லையென்றால் முதல் வேலையாக அவரைச் சேர்த்துவிடுங்கள், இந்திய பேலியேட்டிவ் கேர் சங்கம் இதற்கென்றே சான்றிதழ் படிப்பு நடத்துகிறது.

உங்கள் விதியில் வர வேண்டியவற்றைச் சொல்கிறேன். இரண்டு பூட்டுப் போட்ட ஒரு பெட்டி, இரண்டு பேரிடம் சாவி. எடுக்கும்போதும் வைக்கும்போதும் இருவர் கையெழுத்து, ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு. ஒரு தடவை எத்தனை நாளுக்குக் கொடுப்பது என்பதை டாக்டர் அந்தந்த வீட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். குடிப்பழக்கம் உள்ளவர் இருக்கும் வீடென்றால் மருந்தை நிறுத்திவிடக்கூடாது, வலி நோயாளிக்குத்தானே, குறைந்த நாளுக்குக் கொடுத்து அடிக்கடி போய்ப் பார்க்கலாம். நோயாளி இறந்துவிட்டால் மிச்ச மாத்திரையை எண்ணி வாங்கி, எழுதி, வீட்டார் ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதை அடுத்த நோயாளிக்குக் கொடுத்துவிடாதீர்கள், டாக்டர் முன்னிலையில் அழித்துக் கணக்கை முடியுங்கள்.

சாதாரண மார்ஃபின் மாத்திரை ஏறக்குறைய நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால் ‘வலி வந்தால் போடு’ என்று எழுதுவது தப்பு, கடிகாரம் பார்த்துப் போட வேண்டும், நடுவில் வலி கிளம்பினால் தனி டோஸ் என்ன என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இன்னொன்று, மலமிளக்கி இல்லாமல் மார்ஃபின் சீட்டு எழுதவே கூடாது. குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் அடங்கிவிடும், மலச்சிக்கல் அடங்காது, அதைப் பொறுக்க முடியாமல் மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவு வேறு, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வலிக்காக, சரியான அளவில், டாக்டர் கண்காணிப்பில் சாப்பிடுகிறவர் அடிமையாகிவிடுவார் என்ற பயம் பெரும்பாலும் வீண்பயம். இதை வீட்டாருக்கு விளக்குவதும் ஒரு நடைமுறைதான், முதல் சீட்டு கொடுக்கும் அன்றே விளக்கிச் சொன்னதாக ஃபைலில் எழுத வேண்டும்.

முள்ளோடை விஷயம். தன் பெயருக்கு எழுதிய சீட்டின்படி வாங்கிய மாத்திரையை நோயாளி தன் உபயோகத்துக்கு வைத்துக்கொள்வது குற்றமில்லை. அவருக்காக வாங்கி வரும் மகன் சீட்டு, பில், ஆஸ்பத்திரி அட்டை மூன்றையும் மாத்திரையோடு வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் எழுத வேண்டிய தடை வேறு: குழுவைச் சேர்ந்த யாரும் நாலு நோயாளிகளின் மருந்தை மொத்தமாக வாங்கி வேனில் கொண்டுவரக்கூடாது. புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம், அங்கே அங்கீகாரம் தருகிறவர் வேறு, நம் பக்கம் வேறு. உங்கள் ஸ்டாக் உங்கள் அங்கீகாரத்தின் பேரிலேயே வர வேண்டும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன். நாங்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது?
(ஒரு வாசகி, கடலூர்)

பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம், பேசாமலும் உட்காரலாம். குளிப்பாட்ட, தலை வார, புரட்டிப் படுக்கவைக்கக் கற்றுக்கொண்டு உதவலாம். ராத்திரியெல்லாம் கண்விழித்த அம்மாவோ மனைவியோ இரண்டு மணி நேரம் தூங்கிக்கொள்ள நீங்கள் காவல் இருக்கலாம், இதைவிடப் பெரிய உதவி அந்த வீட்டுக்குக் கிடையாது. பென்ஷன், ரேஷன் கார்டு, மாற்றுத்திறனாளி சான்று வேலைக்கு அலைந்து கொடுக்கலாம்.

மருந்து பற்றி ஆலோசனை சொல்லக்கூடாது. பயிற்சி முடிக்காமல் தனியாகப் போகக்கூடாது. மதம், நேர்த்திக்கடன், நாட்டு வைத்தியம் என்று எதையும் அவர்கள் மேல் திணிக்கக்கூடாது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடவே கூடாது, நோயாளி சரி என்று தலையாட்டினாலும் கூடாது என்பேன். உதவி வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரால் எப்படியம்மா ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியும்?

கேள்வி: அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய். அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும் குழுவினரிடம் ‘சொல்லிடாதீங்க’ என்று கேட்டோம். ‘எங்கள் விதிப்படி பொய் சொல்ல மாட்டோம்’ என்கிறார்கள். இது கொடுமையில்லையா டாக்டர்?
(ஒரு வாசகி, லாஸ்பேட்டை)

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அப்பா உடைந்துபோய்விடுவார், சாப்பிட மாட்டார் என்று நினைக்கிறீர்கள். அந்தக் குழு சொன்னது சரியான விதிதான், ஆனால் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. முழு விதி இப்படி இருக்க வேண்டும்: அவர் கேட்காமல் நாங்களாகப் போய் எதையும் சொல்ல மாட்டோம், அவரே கேட்டால் பொய் சொல்ல மாட்டோம், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் அவரிடமே கேட்போம், வீட்டாரிடம் பேசிவிட்டுத்தான் அந்தப் பேச்சுக்கே போவோம். ‘எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், என் மகளிடம் சொல்லுங்கள்’ என்று ஒருவர் சொன்னால் அதுவும் அவருடைய உரிமைதான், அப்படியே ஃபைலில் எழுதிவிடலாம்.

பெரும்பாலான நோயாளிகளுக்கு விஷயம் தெரிந்தேதான் இருக்கிறது. எடை குறைவதும், பேச்சை நிறுத்திக்கொண்டு நீங்கள் அறைக்குள் வருவதும் அவருக்குத் தெரியாதா? அவரும் உங்களுக்காக நடித்துக்கொண்டிருக்கலாம். வீட்டுப் பத்திரம், தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பது, இப்படி முடிக்க வேண்டிய காரியங்கள் அவருக்கும் இருக்கும். ‘அப்பா, உடம்பு பற்றி உங்களுக்கு என்ன தோணுது?’ என்று ஒரு நாள் நீங்களே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் பார்க்கும் பலர் வீட்டிலேயே இறக்க விரும்புகிறார்கள். சட்டச் சிக்கல் வராமல் என்ன ஏற்பாடு? உயில் மாதிரி எழுதிவைக்கலாமாமே?
(ஒரு வாசகர், சிதம்பரம்)

எழுதலாம். 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றம், ‘இனி மீளமாட்டேன் என்ற நிலையில் உயிரை மட்டும் பிடித்துவைக்கும் கருவிகள் எனக்கு வேண்டாம்’ என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைப்பதை ஏற்றுக்கொண்டது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்ததால் யாராலும் செய்ய முடியவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கினார்கள். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியோ கெஸட்டட் அதிகாரியோ சான்று கொடுத்தால் போதும். ஆஸ்பத்திரியில் அதைச் செயல்படுத்த இரண்டு மருத்துவக் குழுக்கள் சம்மதிக்க வேண்டும், அந்த நடைமுறை தனி.

வீட்டில் நடக்கும் மரணத்துக்கு அதைவிட அவசரமானது முன்பேச்சு. கடைசி நாட்கள் நெருங்குகின்றன என்று தெரிந்ததும் டாக்டரோ நர்ஸோ வீட்டாரை உட்காரவைத்து, மூச்சு எப்படி மாறும், தொண்டையில் கரகரப்பு ஏன் வரும், சாப்பாடு இறங்காவிட்டால் ஊட்டக்கூடாது, உதட்டை மட்டும் நனைத்தால் போதும் என்றெல்லாம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அர்த்தராத்திரியில் பதறி 108-ஐக் கூப்பிடுவார்கள், வீட்டில் சாக விரும்பியவர் ஐ.சி.யூ.வில் குழாய்களோடு போய்ச் சேருவார். முதலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது சுவரில் ஒட்டியிருக்கட்டும்.

இறந்தபின், கடைசியாகச் சிகிச்சை தந்த டாக்டர் காரணத்தைக் குறிப்பிட்டு 4ஏ படிவத்தில் சான்று தர வேண்டும். உங்கள் டாக்டர் ஊரில் இல்லாத நாளில் யார் தருவது என்பதை முன்பே பேசி எழுதிவையுங்கள், நிறைய வீடுகள் மாட்டிக்கொண்டு தவிப்பது இங்கேதான். பதிவு 21 நாளுக்குள், கிராமமென்றால் வி.ஏ.ஓ.விடம், டவுனென்றால் நகராட்சி அல்லது மாநகராட்சியில். கதீட்டரையும் குழாயையும் நர்ஸ் கழற்றி, புண்ணை மூடிக் கட்டிவிட்டு வர வேண்டும். அப்புறம், கருமாதி முடிந்த பிறகு ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போவதையும் விதியாகவே எழுதிவிடுங்கள். கூட்டம் கலைந்த பிறகுதான் தனியாக இருப்பது உறைக்கும்.

கேள்வி: புயல், வெள்ளம் வந்தால் எங்கள் நோயாளிகளை என்ன செய்வது? யாரும் இதற்கு விதி எழுதியதாகத் தெரியவில்லை.
(ஒரு தன்னார்வலர், தேவனாம்பட்டினம்)

நம் கடற்கரையில் இதை எழுதாத குழு இருக்கவே கூடாது. 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல், 2015-ல் வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அதன்பின் சாத்தனூர் அணையைத் திறந்ததும் தென்பெண்ணையில் வந்த தண்ணீர், எல்லாம் நம் வாசலிலேயே நடந்தவை.

அக்டோபர் பிறக்கும் முன் நோயாளிகள் பட்டியலில் மூன்று அடையாளம் போடுங்கள். தாழ்வான தெருவில் இருப்பவர்கள், கரண்ட் போனால் ஆபத்தில் இருப்பவர்கள், தாங்களாக எழுந்து நடக்க முடியாதவர்கள். மூன்றும் ஒருவருக்கே இருந்தால் அவரைப் புயல் எச்சரிக்கை வந்த அன்றே மேடான இடத்துக்கோ மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனைக்கோ மாற்றிவிட வேண்டும். கடைசி நேரத்தில் தண்ணீருக்குள் கட்டிலைத் தூக்க முடியாது. கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் மெஷின் வைத்திருப்பவர் வீட்டில் ஒரு சிலிண்டர் நிரம்பியிருக்க வேண்டும், தானே புயலுக்குப் பிறகு பல ஊர்களில் கரண்ட் வரப் பல நாள் ஆனதை மறக்காதீர்கள். மழைக்காலத்தில் மாத்திரை கூடுதல் நாளுக்குக் கொடுக்க டாக்டர் எழுதித்தர வேண்டும், மார்ஃபின் உட்பட, ஏனென்றால் அதைத் திடீரென்று நிறுத்தினால் வலியோடு சேர்ந்து உடம்பு நடுக்கமும் வயிற்றுப்போக்கும் வரும். நோயாளியின் சீட்டு, கடைசி ரிப்போர்ட், போன் நம்பர்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் தலைமாட்டில் இருக்கட்டும், முகாமில் பார்க்கும் டாக்டருக்கு அதுதான் ஆதாரம்.

பட்டியலின் ஒரு பிரதியை வி.ஏ.ஓ.விடமும் சுகாதார நிலையத்திலும் கொடுங்கள், நோயாளியிடம் கேட்டுக்கொண்டு. நோயின் பெயர் அதில் வேண்டாம், ‘நடக்க முடியாதவர், கட்டிலோடு தூக்க நாலு பேர் வேண்டும்’ என்று எழுதினால் போதும்.